பார்க்கலாம் என்கிற லிஃப்ட்காரர்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. "சரியாயிடுச்சு சார், இனிமே கவலையே இல்ல" என்று மார்தட்டிவிட்டு, அதே லிஃப்டில் இறங்கும்போது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். நம்ம ஆளும் இளவயதில் அப்படி ஒருமுறை மாட்டியிருக்கிறார், கட்டடத்துச் செயலாளரோடும் அவருடைய நாயோடும். செயலாளர்கூடப் பரவாயில்லை. அன்றோடு 'சரி' என்ற சொல் அவர் வாயிலிருந்து கழன்று போயிற்று.

"எப்ப ஓடும்?"

"பார்க்கலாம்."

"நாளைக்காவது ஓடுமா?"

"பார்க்கலாம்."

அந்த வார்த்தை தொழிலோடு நின்றிருந்தால் தேவலை. வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு வாங்க என்றால் பார்க்கலாம். வரமாட்டார் என்று அர்த்தம். பெண் பார்க்கட்டுமா என்று அக்கா கேட்டபோதும் பார்க்கலாம். அக்கா கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டாள். மனுஷன் ஐம்பதைத் தாண்டியும் தனிக்கட்டை. 'பார்க்கலாம்' என்பதே பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது.

குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கிற வாரத்தில் மட்டும் அவரைக் கட்டி இழுக்க ஒரு நண்பர் இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் "வர்றியா?" என்று கேட்கவே மாட்டார். "வர்ற" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார். வாரம் முழுக்க அவர் வீட்டில் சாப்பாடு, சீட்டாட்டம், வெட்டிப்பேச்சு. கடைசி நாள் மலையேற்றம். சாப்பாட்டுக்கெல்லாம் நம்ம ஆள் ஆஜர். மலைக்கு மட்டும் பார்க்கலாம். ஜனங்கள் படியேறாமல் இருப்பதற்காகவே உழைக்கிறவனை மலையேறச் சொன்னால் எப்படி என்பது அவர் கட்சி.

அந்தக் கூட்டத்தில் டிரைவிங் டீச்சரும் உண்டு. கடைக்காரர் மனைவியின் சிநேகிதி. கணவர் இறந்து பல வருஷமாகிறது. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல், அதற்கொரு கார். அதில் டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். நண்பர்களோடு போகும்போது டீச்சரே ஓட்டுவார். அந்தப் பக்கத்து சீட்டில் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்து வரும். ஒருமுறை கண்ணாடிக் கடைக்காரர் அங்கே உட்கார்ந்து, எதிரே லாரியைப் பார்த்ததும் பயந்து மிதித்துத் தொலைத்துவிட்டார். அதிலிருந்து அங்கே யாருக்கும் இடமில்லை.

இந்த வருஷம் முதல் நாள் விருந்து முடிந்து டீச்சர் பாத்திரம் கழுவினார், இவர் துடைத்துக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தாமலே டீச்சர் கேட்டார்.

"நீங்க அங்க தனியா சமைக்கிறீங்க. நான் இங்க தனியா சமைக்கிறேன். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

இவரே எத்தனை வருஷமாகக் கேட்க நினைத்து விழுங்கிய கேள்வி! ஆனால் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"பார்க்கலாம்" என்றார்.

டீச்சர் தலையாட்டினார். "அந்தக் கரண்டியையும் துடைச்சிடுங்க சார்" என்றார். அதுவரை அவர் 'சார்' போட்டதில்லை.

மறுநாள் கடையில், கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து நண்பரிடம் கொட்டினார்.

"அடப்பாவி! உன் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியுமேடா!"

"இந்தத் தடவை நிஜமாவே சரிங்கிற அர்த்தத்துலதான்டா சொன்னேன்."

"அத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்ககிட்ட சரின்னு சொல்லு. எங்க, சொல்லிப் பாரு."

வரவில்லை. சும்மா சொல்லிப் பார்க்கக்கூட வரவில்லை. பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று சாப்பிடும்போது உப்பு வேணுமா என்றார்கள், சரி என்றார். இன்னொரு கை போடட்டுமா என்றார்கள். சரி, மூச்சுமுட்டச் சாப்பிட்டார். அடுத்த நாள் கடைக்காரர் மனைவி, "எங்க பூனை குட்டி போட்டிருக்கு, ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார். சரி. டீச்சர் எதிரிலேயே இருந்தார். கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கெட்டிக்காரத்தனமாகப் பூனைக்கு வாழ்க்கை கொடுத்துவிட்டு மனுஷன் வீடு திரும்பினார். குட்டி அவர் ஸ்க்ரூடிரைவர் பையிலேயே தூங்கியது.

வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது பயம் பிடித்துக்கொண்டது. இந்த வாரம் விட்டால் டீச்சர் இன்னொரு முறை கேட்கப்போவதில்லை. ஆயுசுக்கும் 'சார்'தான்.

மலைக்கு யார் யார் என்று கேட்டபோது, "நானும் சரி" என்றார். கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

கார் அடிவாரம் போய்ச் சேர்ந்தது. முன்சீட்டில் வழக்கம்போலக் கைப்பை. பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். பாதை முழுக்க மஞ்சள் பூ, குறுக்கே சிலுசிலுவென்று தண்ணீர். நம்ம ஆளுக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. நாக்குத் தள்ளியது. டீச்சர் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சிக்கு வந்ததும் கடைக்காரர் கையை நீட்டி, "இங்கேருந்து ஊர் முழுக்கப் பார்க்கலாம்!" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் மனைவி அவரைத் தரதரவென்று பூப் பறிக்க இழுத்துப் போனார்.

டீச்சர் ஒரு பாறையில் தனியாக இருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, "சரி" என்றார்.

"எதுக்கு?"

"அன்னிக்குப் பாத்திரம் கழுவும்போது நீங்க கேட்டதுக்கு."

டீச்சர் தூரத்தையே பார்த்தார். "பூனைக்குட்டிக்கு யோசிக்காம சரின்னீங்க. எனக்கு மட்டும் பார்க்கலாம். இண்டிகேட்டர் போடாம திரும்புனா பின்னால வர்றவளுக்கு எப்படித் தெரியும்?"

"தப்புதான். அன்னிக்கே சரிதான் டீச்சர். பத்து வருஷமா சரிதான். வாய்தான் வரல."

டீச்சர் எழுந்து புடவை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பார்க்கலாம்" என்றார்.

அந்த வார்த்தை கேட்கிறவன் காதில் எப்படி விழும் என்பது மனுஷனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இறங்கும் வழியெல்லாம் தன் வாயால் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அக்கா முதலில் வந்தாள்.

காருக்கு வந்தார்கள். கடைக்காரரும் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். இவரும் பின்கதவைப் பிடித்தபோது டீச்சர் தன் கைப்பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார்.

"அங்க இடமில்ல. முன்னால வாங்க."

முன்னால் உட்கார்ந்தார். காலடியில் அந்த பிரேக்.

"உங்க பக்கமும் பிரேக் இருக்கு" என்றார் டீச்சர், சாவியைத் திருப்பியபடி. "நிறுத்தணும்னா இப்பவே மிதிச்சுடுங்க. பாதி வழியில வேணாம்."

அவர் சேறு ஒட்டிய ஷூவைக் கழற்றினார். முழங்கால் இரண்டும் 'ஐயோ' என்று கத்தக் கத்த, கால்களைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீடு வரும்வரை கீழே இறக்கவில்லை.