தப்பாகப் படிக்கும் அக்கா

"கண்ணாடி எடுத்துட்டு வரலைங்க" என்று, திரையில் இருப்பதைப் படித்துப் பார்க்கச் சொன்னதும் மூட்டை தூக்கும் பெரியவர் இழுத்தார். படிப்பு வராததற்குத்தான் இந்தச் சாக்கு என்பது மருத்துவமனைப் பதிவு அக்காவுக்குத் தெரியாதா? "இந்த எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. நல்ல கண்ணுக்கே தெரியாது. நான் வாசிக்கிறேன், சரியான்னு நீங்க சொல்லுங்க" என்றார், பின்னால் நிற்பவர் காதில் விழாத குரலில்.

வருகிறவர் பக்கம் திருப்பித் திருப்பியே கணினித் திரையின் கழுத்து தளர்ந்துபோயிற்று. அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறார். தன் உடம்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவரவர் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்பதில் அக்காவுக்கு அவ்வளவு பிடிவாதம். "டாக்டர் பத்து நிமிஷம் பார்க்கிறாரு. நீங்க அம்பது வருஷமா இந்த உடம்போட குடித்தனம் பண்றீங்க!"

ஒரே தொல்லை, ஜனங்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். கணினியே சொல்லும்போது மறுக்க நாம் யார் என்ற பயம். அதனால் அக்கா நடுவில் ஒன்றை வேண்டுமென்றே தப்பாகப் படிப்பார்.

"பல்லு மொத்தம் அறுபது."

"ஆமாங்க."

"ஆமாவா? அதென்ன வாயா, முதலை வாயா?"

அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் தெருமுனைத் தையல்காரர் வந்தார். வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. வயது, எடை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்று வந்தவர், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடலை" என்று அக்கா வாசித்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மாட்டுவேனா நான்! நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சதுலேருந்து ரெண்டு வருஷமா தினம் முழுங்குறேன். வேற ஆளைப் பாருங்கக்கா!"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வரியை அவர் மாற்றிப் படிக்கவில்லை. திரையில் அப்படியேதான் இருந்தது. வேறு மருத்துவமனையில் நடந்த நெஞ்சு வைத்தியம் இந்தப் பதிவுக்கு வந்து சேரவே இல்லை.

"தம்பி, இது விளையாட்டு இல்லை. இன்னைக்கும் முழுங்கினீங்களா?"

"காலையிலகூட..."

கத்தி பட்டால் ரத்தம் எளிதில் நிற்காது. வரிசையை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடினார் அக்கா. மருத்துவர் பதிவைத் திருத்தினார். இதய மருத்துவரோடு கலந்துபேசி பத்து நாள் தள்ளிவைத்தார். ஒருவன் உயிரை ஒரு சிரிப்புக்குள் வைத்துக் காத்தான் இறைவன். அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

வீடு திரும்பும் அன்று தையல்காரர் மனைவியின் தோளைப் பிடித்தபடி அக்காவின் மேசைக்கு வந்தார். இப்போது அவர் போனிலேயே அந்தப் பதிவு இருந்தது. மாத்திரை எழுதியிருந்த வரியைத் தொட்டுக் காட்டினார். பிறகு குரல் இறங்கிற்று.

"அன்னைக்கு விவரம் புரியாம உங்க முன்னாடி சிரிச்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கக்கா."

"சிரிச்சீங்களே, நீங்க நல்லா இருக்கணும்" என்று அக்கா எழுந்து நின்றார். "அன்னைக்கு மட்டும் பேசாம போயிருந்தீங்கன்னா, இந்த ஜென்மத்துல எனக்குத் தூக்கம் ஏது, தம்பி?"