கரண்டு சீமாறு

எங்கள் மகள் எட்டு மாதத்தில் தவழ ஆரம்பித்தாள். தரையில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் வாரத்தில் அவள் வாயிலிருந்து நான் எடுத்தவை: காய்ந்த கேழ்வரகு தோசைத் துணுக்கு, ஒரு கடுகு, என் தலைமுடி, பூந்துடைப்பத்தின் பூ, செத்த எறும்பு. எறும்பு வாய்க்குள் போவதற்கு முன்பே செத்ததா, போன பிறகு செத்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புனேயில் நாங்கள் இருப்பது ஹிஞ்சேவாடிக்குப் பக்கத்தில், ஒன்பதாவது மாடி. எதிரே இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் சிமெண்ட்டில் ஒரு பங்கு தினமும் எங்கள் கூடத்துக்கு வந்துவிடும். காலையில் மௌஷி பெருக்கித் துடைத்துவிட்டுப் போவார். பத்து மணிக்கு மேல் தரையில் விரலால் பெயர் எழுதலாம். கையில் பிடித்து ஓட்டும் சின்ன வேக்குவம் கிளீனர் ஒன்று, வயர் இல்லாமல், வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது இப்படித்தான்.

"சரி, கரண்டு சீமாறுதானே, வாங்கிக்கோ," என்றார் என் கணவர். நாங்கள் இருவருமே கோயமுத்தூர்ப் பக்கம். அங்கே துடைப்பத்துக்குச் சீமாறு என்றுதான் பெயர்.

மௌஷியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்களை இங்கே மரியாதையாக மௌஷி என்பார்கள், சித்தி பெரியம்மா மாதிரி. எனக்கு மகப்பேறு விடுப்பும் அதன்மேல் கெஞ்சி வாங்கிய நீட்டிப்பும் முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஆபீசில் இருக்கும் நேரம் முழுக்கக் குழந்தை மௌஷியிடம்தான். வேறு வழி யோசித்துப் பார்த்தாகிவிட்டது. ஒரு காப்பகத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே என் மகள் அழுத அழுகையில் மற்ற ஏழு குழந்தைகளும் அழுதன. எங்களைத் தவிர அவள் போகும் ஒரே ஆள் மௌஷி. மிக்ஸி சத்தத்துக்கு அவள் பயப்படுவாள். அதனால் நான் சட்னி அரைக்கும்போது மௌஷி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே லிஃப்ட்டைப் பார்க்கப் போவார். லிஃப்ட் மேலே போவதையும் கீழே போவதையும் இருவரும் நின்று பார்ப்பார்கள். அதற்குள் நான் அரைத்துவிட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, என்னென்ன செய்வார் என்று மௌஷி விரல் மடக்கிச் சொன்னார். கேர், ஃபர்ஷி, பாண்டீ, பால். எனக்கு மராத்தி தெரியாது. ஆனாலும் நான்கும் புரிந்துவிட்டன. கேர் என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. ஃபர்ஷி தரை. பாண்டீ பாத்திரம். பால், குழந்தைக்குப் புட்டியில் கொடுப்பது. எடுத்த எடுப்பில் கேர் என்று இங்கிலீஷில் சொன்னது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அன்று மாலை கணவரிடம், "அவங்களே கேர்னுதான் சொல்றாங்க," என்றேன். "புரொஃபஷனல்," என்றார்.

ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் நான் முதலில் அதை வாங்காமலிருக்கக் காரணங்களைச் சேர்ப்பேன். குழந்தை மதியம் தூங்கும் நேரத்தில் போனில் விமர்சனங்களைப் படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவர், நல்ல பொருள், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு நட்சத்திரம் கொடுத்த பெண்மணி, மெஷின் நன்றாக உறிஞ்சியதாகவும் மூக்குத்தி போய்விட்டதாகவும் சொல்லியிருந்தார். உறிஞ்சும் திறனைப் பாஸ்கலில் போட்டிருந்தார்கள். பாஸ்கலைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவள் நான். எறும்பைத் தூக்க எத்தனை பாஸ்கல் வேண்டும் என்று எங்கும் போடவில்லை. பில்டரைக் கழுவலாமா, கழுவினால் காய எவ்வளவு நேரம், பேட்டரி தீர்ந்தால் தனியாகக் கிடைக்குமா என்றெல்லாம் ஒரு அட்டவணை போட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. சத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் கிடைக்கவில்லை. மிக்ஸி மாதிரி இருந்தால் வாங்கிப் பயனில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை, குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, புனேயின் பழைய கடைவீதிப் பகுதியான கேம்ப்புக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் ஓட்டிக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர் தமிழர். மூன்று தலைமுறையாகக் கேம்ப்பில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பமாம். நான் போனில் கணவரிடம் பேசியதை வைத்துத் தமிழில் ஆரம்பித்துவிட்டார். பஞ்சிங் மெஷினிலிருந்து விழும் காகிதப் பொட்டுகளை மேசையில் தூவி ஓட்டிக் காட்டினார். நான் கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து வைத்தேன்.

"இது என்ன, சிஸ்டர்?"

"எங்க வீட்டுக் குப்பைங்க."

அவர் திறந்து பார்த்தார். காய்ந்த தோசை, கடுகு, தலைமுடி, கொஞ்சம் சிமெண்ட் தூசி. எறும்பு கிடைக்கவில்லை.

"வீட்டு கச்ராவ டப்பால போட்டுக் கொண்டாந்த முதல் கஸ்டமர் நீங்கதான்," என்றார். ஆனாலும் பொறுமையாகத் தூவினார். முதல் மெஷின் எல்லாவற்றையும் எடுத்தது, சத்தம் அசல் மிக்ஸி. இரண்டாவது மெல்லப் பேசியது, தோசையை எடுக்கவில்லை. மூன்றாவது இரண்டுக்கும் நடுவே. கடுகை இரண்டாம் தடவையில்தான் எடுத்தது. மூன்றாவதை வாங்கினேன். ஆட்டோவில் ஏறியதும் முதலாவதை வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. வீடு சேரும்போது இரண்டாவது.

திங்கட்கிழமை காலை மௌஷி பெருக்கி முடித்துக் கை கழுவிக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார். முதல் முறை அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது குழந்தை என் இடுப்பில் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அதனால் மௌஷியின் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டேன். மெஷினை ஓட்டினேன். குழந்தை இரண்டு விநாடி உதட்டைப் பிதுக்கிவிட்டு, மெஷினைப் பிடிக்கக் கையை நீட்டினாள். சோதனை வெற்றி.

மௌஷி பார்த்துக்கொண்டே நின்றார். மெஷின் வந்ததால் தன் வேலை போய்விடும் என்று நினைத்துவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை. என்னிடம் இருந்த இந்தியில் சொன்னேன். "ஃபர்ஷ் கே லியே மஷீன் ஆ கயா, மௌஷி. ஆப் சிர்ஃப் கேர் தேக்கோ." தரைக்கு மெஷின் வந்துவிட்டது, நீங்கள் கேர் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

மௌஷி தலையாட்டினார்.

மறுநாள் வந்தார், பெருக்கினார், துடைத்தார், பாத்திரம் கழுவினார். குழந்தை அவர் பின்னாலேயே தவழ்ந்து போய்ப் புடவையைப் பிடித்து எழுந்து நின்றது. அவர் குனிந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு நகர்ந்தார். குழந்தை அழுதது. நான் மிக்ஸியைப் போடப்போகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் துடைப்பத்தை மாட்டிவிட்டு, "வரேன், மேடம்," என்று கிளம்பினார். அதுவரை என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். அக்கா என்று அர்த்தம்.

மெஷின்தான் காரணம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதை அலமாரிக்குள் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். புதன்கிழமையும் அப்படியே நடந்தது. வீட்டில் சட்னி நின்றுபோய்ப் பொடி வந்தது. "பேசிப் பாரேன்," என்றார் கணவர். பேசுவதற்குப் பதிலாக நான் சமாதானமாக ஏதாவது கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் வேலையை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று காட்டுவதாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு புதுப் பூந்துடைப்பம் வாங்கி இரண்டு கையாலும் கொடுத்தேன். மௌஷி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு போய்ப் பெருக்கினார். புதுத் துடைப்பம் என்பதால் நிறையப் பூ உதிர்ந்தது. அதை எடுக்க மெஷினை வெளியே எடுக்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை கணவர் வந்ததும் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி கேம்ப்புக்குப் போனேன்.

"என்ன கம்ப்ளெய்ன்ட், சிஸ்டர்?"

மெஷினில் ஒன்றும் இல்லை, வீட்டில் வேலை செய்கிறவருக்குப் பிடிக்கவில்லை என்றேன். குழந்தையைத் தொடுவதையே விட்டுவிட்டார், இன்னும் பத்து நாளில் நான் வேலைக்குப் போக வேண்டும் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மெதுவாக என் பக்கமே தள்ளினார்.

"மராத்தில கேர்னா கூட்டுற குப்பை, சிஸ்டர். புள்ளைய கையிலேர்ந்து வாங்கிக்கிட்டு, நீ குப்பைய மட்டும் பாருன்னு சொல்லிருக்கீங்க."

நான் விரல்களை மடக்கிப் பார்த்தேன். "அப்ப பால்னா?"

"பாலா? பாள்னு சொல்லிருப்பாங்க. பாள்னா குழந்தை."

கேர், ஃபர்ஷி, பாண்டீ, பாள். பெருக்குவது, துடைப்பது, பாத்திரம், குழந்தை. முதல் நாளே எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார்.

"புதுத் துடைப்பமும் வாங்கிக் குடுத்தேன்," என்றேன்.

"அதயும் பண்ணிட்டீங்களா," என்றார் அவர்.

என்ன சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லித் தந்தார். பாள் தும்ஹீச் சாம்பாளா. குழந்தையை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். "மறந்துட்டா சாம்பார நெனச்சுக்கங்க," என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் மௌஷி செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். "மௌஷி, பாள் தும்ஹீச் சாம்பாளா." அதன் பிறகு இந்தியில், எங்கள் ஊரில் கேர் என்றால் வேறு, இங்கிலீஷ், அதைத்தான் சொன்னேன், எனக்குத் தெரியவில்லை என்று விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். முகம் இளகவில்லை.

"நான் கையைக் கழுவிட்டுத்தான் தூக்கறேன்," என்றார். "தினமும்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் நான்தான் வாசல் பக்கத்து வாஷ்பேசினில் கை கழுவும் சோப்புப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். துடைப்பம் பிடித்த கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள் என்று சொன்னேன். அதற்கு முன்னாலும் அவர் கழுவிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் அதைக் கவனிக்காமல் சொன்னேன். திங்கட்கிழமை குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கிய பிறகு அவருக்குப் புரிந்தது வெறும் சொல் இல்லை, தன் கை அழுக்கு என்று நான் நினைப்பதும்தான். கேர் என்ற சொல்லில் நேர்ந்த குழப்பத்தை என்னால் விளக்க முடிந்தது. அவர் கையைப் பற்றி நான் எதுவுமே நினைத்ததில்லை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. அதற்கு வேண்டிய இந்தி எனக்குத் தெரியும்.

"தெரியும், மௌஷி," என்றேன். "நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

குழந்தை அதற்குள் வந்து அவர் புடவையைப் பிடித்துவிட்டது. மௌஷி என்னைப் பார்த்தபடியே சோப்புப் புட்டியை அழுத்தி, நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"துடைப்பத்தைத் திருப்பிக் கேக்காதே, தாயி. நல்ல துடைப்பம். என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

இருவரும் லிஃப்ட் பார்க்கப் போனார்கள். நான் சட்னி அரைத்தேன். இரண்டு தடவை அரைத்தேன். முதல் தடவை தேங்காய் போட மறந்துவிட்டது.

நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கம்பெனி வண்டி ஹிஞ்சேவாடிப் பாலத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது மௌஷியிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது. "கேர் ஜாலா. பாள் ஸோப்ல." பெருக்கியாகிவிட்டது, குழந்தை தூங்கிவிட்டது. ஒரு சொல்லும் விடாமல் புரிந்தது. ஆனால் அவர் குரலுக்குப் பின்னால், நான் கூடத்தில் வைத்துவிட்டு வந்த மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் குழந்தை எப்படித் தூங்கும்? தூங்குவதாக இருந்தால் நான் சரியான மெஷினைத்தான் வாங்கியிருக்கிறேன். இல்லையென்றால் ஸோப்ல என்பதற்கு வேறு அர்த்தம் இருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் இருந்த மராத்திப் பெண்ணிடம் போனை நீட்டி, கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றேன்.