நான் பிறக்காத சுரங்கம்

என் அக்காவுக்கு ஒரு சுரங்கம் இருந்தது. எனக்கு இல்லை. ஒன்பது வயதில் என்னுடைய பெரிய குறை அதுதான்.

அப்பா அந்தமானில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் தச்சராக இருந்தபோது யுத்தம் வந்தது. ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்துக்கொண்டு, அகப்பட்ட ஆட்களையெல்லாம் இழுத்துப்போய்க் குன்றைக் குடைந்து சுரங்கம் வெட்ட வைத்தார்கள். அப்பாவும் மண் சுமந்தார். பிறகு வெள்ளைக்காரர்களின் விமானம் குண்டு போட வரும்போதெல்லாம் அம்மா மூன்று வயது அக்காவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுரங்கத்துக்குள்தான் ஓடுவாளாம். யுத்தம் முடிந்து, கப்பலேறி வந்து, முத்தியால்பேட்டையில் வாடகைக்கு வீடு பிடித்த பிறகு நான் பிறந்தேன்.

மரவள்ளிக்கிழங்கு வேகும் வாசனை வந்தால் போதும், அம்மாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். சுரங்கத்தில் அதுதான் சாப்பாடாம். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரை அக்கா நாக்கை நீட்டிப் பிடித்தாளாம். இடி இடித்தால் அம்மாவின் கை தானாக அக்காவின் தோளுக்குப் போகும். அம்மாவின் இன்னொரு பக்கம் நான் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நினைவிருக்காது. என்ன சிரிப்பு என்று கேட்டால் அக்கா சொல்வாள்: "உனக்கு எப்பிடித் தெரியும்? நீ அப்பப் பொறக்கவே இல்லியே."

அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஒருநாள் கட்டிலைச் சுற்றிக் கோணிகளைத் தொங்கவிட்டு நானே ஒரு சுரங்கம் செய்து, உள்ளேயிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். "போடி, வேல கெடக்குது" என்று போய்விட்டாள். அக்கா கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள் என்று வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோன்வரை போய்வந்தவர். அவர் கொண்டுவந்த விசிறியை அவள் ஒருநாள் எடுத்துவந்து எல்லோருக்கும் வீசிக் காட்டினாள். அதைப் பொறுக்க முடியாமல், "நான் சுரங்கத்துலதான் பொறந்தேன்" என்றேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. மேலே குண்டு விழ, விளக்குகூட இல்லாத இருட்டில் பிறந்தேன் என்றேன். பிறந்தபோது நான் அழவே இல்லை, அவ்வளவு தைரியம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் லேசில் நம்புகிறவள் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, இவ சொரங்கத்துலதான் பொறந்தாளா? பொறந்தப்ப அழவே இல்லியாமே?"

முறம் நின்றது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "புளுகு! அம்மா, இவ புளுகுறத பாரேன்!"

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா, அக்காவிடம். அப்படி ஒரு குரலில் அவள் அக்காவிடம் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆமாம்மா. அழல" என்றாள். ஒரு துண்டு வெல்லம் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

அடி விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

"யாருடி ஒனக்குச் சொன்னது? அப்பாவா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கால் தரையில் இழுபட்டது, அவ்வளவு வளர்ந்திருந்தேன். என் காதைத் தடவினாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அக்கா வாசற்படியிலேயே நின்றாள். அவளை அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவின் முகம் சுருங்கியது. அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டி நான் அவளுக்குப் பழிப்புக் காட்டினேன்.

எனக்குத் தலைப்பிரசவம் ஆன அன்று அப்பாதான் சொன்னார். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெண், அந்தச் சுரங்கத்தில் பிறந்து, அழாமலே போய்விட்டாளாம். மண் சுமந்த கூடையிலேயே அப்பா அவளை எடுத்துப்போனாராம்.

அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அக்கா வெளியே நிற்கிறாள், நான் உள்ளே இருக்கிறேன் என்பது மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் கண்ணீர் என் கழுத்தில் விழுந்தபோது, அத்தனையும் எனக்காக என்று நினைத்துக்கொண்டேன்.