உறைந்த ஜாம்பி எழுந்து நடக்குமா

தம்பி கனடாவில் இருந்து சனிக்கிழமைதோறும் அப்பாவைக் கூப்பிடுவான். வருஷக்கணக்காக அவர்கள் பேசியது ஒரே விஷயம். சினிமாவில் செத்த பிறகும் திரியும் ஜாம்பி பனியில் உறைந்துபோனால், வெயில் வந்ததும் எழுந்து நடக்குமா?

"ஃப்ரீசர்ல வெச்ச தக்காளிய வெளிய எடுத்துப் பாரு," என்பார் அப்பா. "தோல் அப்படியே இருக்கும், உள்ள கூழ். அவன் எப்படிடா நிப்பான்?"

"ஜாம்பிக்கு ஏற்கெனவே கூழ்தாம்ப்பா. இங்க ஒரு தவளை குளிர்காலம் முழுக்க உறைஞ்சு கிடந்து, அப்புறம் குதிச்சுப் போகுது."

"தவளைக்கு உயிர் இருக்கு. உன் ஆளு செத்தவன்ல?"

எப்போது வருகிறாய் என்று அப்பா கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. பேச்சு முடியக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பா போனது சித்திரையில். ஸ்ரீரங்கத்தில் காலை பத்து மணிக்கே சுவர் சுடும் மாதம். தம்பி வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று தென்னூரில் இருந்து ஃப்ரீசர் பாக்ஸ் வரவழைத்தோம். பெயர்தான் அப்படி, அது உறைய வைப்பதில்லை, குளிர வைக்கும். கண்ணாடியில் வெளிப்புறம் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து முகம் பார்த்தோம்.

இரண்டாம் நாள் மதியம் தம்பி வந்தான். ஷூவோடு ஹாலுக்குள் வந்து கண்ணாடிமேல் கை வைத்து நின்றான். அழவில்லை.

குளிப்பாட்டுவதற்காக அப்பாவை வெளியே எடுத்து பெஞ்சில் கிடத்தினார்கள். தம்பி அவர் கையைப் பிடித்தான். உடனே என்னைப் பார்த்தான்.

"ரொம்பச் சில்லுனு இருக்குக்கா. இப்படியே அனுப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"ரொம்ப நேரம் வெளிய வெக்கக் கூடாது தம்பி," என்றார் பெரியப்பா. "கொள்ளிடக் கரை சுடுகாட்டுல வேற நேரம் சொல்லிவெச்சிருக்கு."

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா," என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். குடம் தூக்கி வந்தவர்கள் அதை இறக்கி வைத்தார்கள்.

மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள். விரல்களில் முத்து முத்தாக நீர் அரும்பியது. தம்பி துடைத்தான். மறுபடி அரும்பியது. மறுபடி துடைத்தான். பிறகு அரும்பவில்லை.

"சூடு வந்துடுச்சுக்கா," என்றான்.

அது சித்திரை வெயிலின் சூடு. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் பெஞ்சின் அந்தப் பக்கம் போய் அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.