மூன்று வாய்த் தண்ணீர்

மலேசியாவில், ஈப்போ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் நெஞ்சு வார்டில் நான் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்தேன். அங்கே போன முதல் வாரம் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரே கேள்விதான்.

"எனக்குப் பேச்சு நல்லாத்தானே வருது. நீங்க எதுக்கு மிஸ்ஸி?"

முனியாண்டி அண்ணனும் அதையே கேட்டார். இளவயதில் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கொட்டகையில் வேலை செய்தவர். தோட்டம் மூடிய பிறகு ஈப்போவில் செக்யூரிட்டி வேலை. நுரையீரல் கெட்டுப் பல வருஷமாயிற்று. அந்த வருஷம் நிமோனியா என்று வந்தது அது மூன்றாவது தடவை.

"பேச்சுக்கு இல்லண்ணே. முழுங்குறதப் பார்க்க வந்தேன். முழுங்கும்போது மூச்சு ஒரு நொடி நிக்கணும். உங்களுக்கு மூச்சு வாங்குது, அதனால சாப்பாடு தப்பி நுரையீரலுக்குள்ள போகலாம்."

காலை வேளை. மூச்சைத் திறக்கும் மருந்துப் புகையை நெபுலைசரில் வைத்து முடித்திருந்தார்கள், தெளிவாக இருந்தார். மூன்று வாய்த் தண்ணீரும் பாதி பிஸ்கட்டும் கொடுத்தேன். இருமவில்லை. சாதாரண உணவு தரலாம் என்று ஃபைலில் எழுதினேன்.

அவர் மனைவி அஞ்சலை அக்கா பக்கத்தில் நின்றிருந்தார்.

"மிஸ்ஸி, சாப்பாடு முடியிற நேரத்துல இவர் குரல் மாறிடுது. தொண்டையில தண்ணி நிக்கிற மாதிரி கேக்குது."

"சளி இருக்குல்லக்கா, அதான்" என்றேன். அன்றைக்கு இன்னும் ஏழு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து அவரை மறுபடியும் கொண்டுவந்தார்கள். காய்ச்சல், ஆக்சிஜன் மாஸ்க். மறுநாள் மத்தியானம் சாப்பாடு வந்தபோது நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அக்கா கஞ்சி ஊட்டினார். முதல் பத்துக் கரண்டி சுத்தமாக இறங்கியது. அதற்கப்புறம் தோள் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினார். முழுங்கிய கையோடு மூச்சை உள்ளே இழுத்தார். தப்பிப் போனதை வெளியே தள்ள இருமலே வரவில்லை.

"அண்ணே, பேர் சொல்லுங்க."

சொன்னார். அக்கா சொன்ன அதே குரல்.

ஊட்டுவதை அங்கேயே நிறுத்தச் சொல்லி டாக்டரைக் கூப்பிட்டேன். அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான்காம் நாள் அண்ணன் இறந்துபோனார்.

சில வாரம் கழித்து, வீட்டுக்குக் கொடுத்திருந்த ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுக்க அக்கா வந்தார். மெலிந்திருந்தார். காரிடாரில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் அவசர அவசரமா ஊட்டிட்டேன் மிஸ்ஸி. மகனும் அப்படித்தான் சொல்றான். அதுக்கப்புறம் என்கூட பேசுறதில்ல."

"கடவுள் சித்தம்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பலர் அப்படித்தான் அனுப்புவார்கள்.

"இல்லக்கா. நீங்க என்கிட்ட முன்னாடியே சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல. சாதாரண சாப்பாடு கொடுக்கலாம்னு எழுதுனது நான்."

அவர் அழவில்லை, திட்டவுமில்லை. கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"இத அவன்கிட்ட சொல்றீங்களா?"

சொன்னேன், ஒன்றையும் குறைக்காமல். முடித்ததும், "அம்மாகிட்ட குடுங்க" என்றான்.

அன்றே மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். விசாரித்தார்கள், எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. மூச்சுத் திணறும் நோயாளிக்கு முதல் மூன்று வாய் எதையும் காட்டாது. களைத்த பிறகுதான் சாப்பாடு தப்பி நுரையீரலுக்குப் போகும். சாப்பாடு முடியும்வரை உட்காருங்கள். ஃபைலைத் திறந்ததும் ஊட்டுகிறவர் சொன்னதை முதலில் எழுதுங்கள். உங்கள் சோதனையை அதற்குக் கீழே எழுதுங்கள்.