கொடி வீசாத அவரை

எங்கள் பெரியப்பா, வளர்ந்ததையெல்லாம் பிடுங்கிப் போடுகிறவர். மல்லசமுத்திரத்துப் பக்கத்துக் குடியானவர்கள் எல்லோரும் பயிர் மேலே வரவில்லையே என்று மழையைத் திட்டிக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் தன் மேட்டுநிலக் காட்டுக்குள் இறங்கி, எது செழிப்பாகக் கிளம்புகிறதோ அதைத் தேடிப் பிடுங்கினார். ஊரில் அவரைக் கிறுக்கர் என்றார்கள். எதிரே வந்தால் மட்டும் கும்பிட்டார்கள்.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்திய கதை. எனக்கு ஆறு வயது. வயதுக்குப் பொருந்தாத குள்ளம். நிலக்கடலைச் செடி என்று என் அப்பாவே கேலி செய்வார். எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வாசலைப் பார்த்தவை. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா தன் தகரப் பெட்டியைத் திறந்து எனக்கு அவ்வப்போது ஒரு பாவாடை கட்டிவிடுவாள். பிள்ளை இல்லாத வீட்டுப் பெட்டியில் பிள்ளைப் பாவாடை எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பாவாடை கிடைத்தால் எனக்குப் போதும்.

எங்கள் பக்கத்து அவரை கொடி வீசி ஏறுகிற சாதி. பந்தல் போட்டால் பந்தலில் ஏறும். போடாவிட்டால் வேலி, கல்லுக்குவியல், குப்பைமேடு என்று கண்டதன் மேலும் படர்ந்து மூடிவிடும். பெரியப்பாவுக்கு வேண்டியது துவரையைப் போலத் தன் காலில் நிற்கும் அவரை. ஒரு வருஷம் வேலியோரத்தில் தானாகவே ஒரு குட்டைச் செடி நின்றதாம். அதன் காய்களை முற்றவிட்டு, விதையைச் சாம்பலில் பிசறிப் பானையில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஆடிக்கு ஆடி விதைப்பு. ஐப்பசியில் பூ வருவதற்குள், உயரப் போகிற செடியையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். அதன் பூவைத் தொட்ட வண்டு குட்டைச் செடியின் பூவில் உட்கார்ந்தால், மறு வருஷ விதை கெட்டுப்போகும் என்பார். இப்படி ஆறு வருஷமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சங்ககிரியிலிருந்துகூட ஒருவர் வந்து பார்த்து, அடுத்த தைக்கு விதை கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அவர் செடியை அளக்க ஓர் ஆளுயர மூங்கில் வைத்திருந்தார். அதன் நடுவாக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து வெட்டுகள். செடி ஐந்தாவது வெட்டைத் தாண்டக் கூடாது, அதுதான் சட்டம். கிணற்றில் நீர் இறைக்கக் கவலை ஓட்டிய மாடுகளை அவிழ்த்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போன உச்சி வெயிலில் அவர் மூங்கிலோடு காட்டில் இறங்குவார். கூடை தூக்க நான் போவேன். காட்டின் நடுவில் கல்லைக் கொட்டி மூடிய ஒரு வட்டம் இருந்தது. அவரைச் செடிகள் அதைச் சுற்றித்தான் நின்றன. அந்தக் கல் மேல் மட்டும் நான் கால் வைக்கக் கூடாது.

ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் மூங்கிலை நட்டுக் குனிந்து பார்ப்பார். வெட்டுக்குக் கீழே நின்றால், செடியின் தலையை உள்ளங்கையால் தடவிக்கொடுத்துச் சிவப்பு நூல் கட்டுவார். தாண்டியிருந்தால் ஒரே இழுப்பு. வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். முகத்தில் கோபமே இருக்காது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சில நேரம் கல் வட்டத்தைப் பார்த்து, "இல்ல சாமி, ஒண்ணும் மேல வர உடல" என்று மெதுவாகச் சொல்வார். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தப் புரட்டாசியில் ஒரு மத்தியானம், கூடையோடு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டிப் பாவாடை கட்டியிருந்தேன்.

"அம்மிணி, நேரா நில்லு."

மூங்கிலை என் முதுகோடு ஒட்டி நட்டு, என் உச்சந்தலையில் கையை வைத்தார். செடியைத் தடவும் அதே உள்ளங்கை. வெகு நேரம் கையை எடுக்கவில்லை.

"அஞ்சாம் வெட்டுக்கு இன்னும் ஒரு வெரல் இருக்குது" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு விரல் வளர எத்தனை நாள் ஆகும் என்று யாரைக் கேட்பது? பிடுங்கிப் போட்ட செடிகளின் வேர்கள் வெயிலில் சுருண்டு கிடப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. கூன் போட்டு நடந்தேன். ராகிக்களியை நாய்க்குப் போட்டேன். வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டிய அம்மா, வேப்பங்கொழுந்தை அரைத்து ஊற்றினாள். அதிலும் சரியாகாமல் மந்திரித்துக் கயிறு கட்டினாள். இத்தனை செய்தும் ஐப்பசி பிறந்தபோது நான் வளர்ந்திருந்தேன். வாசல் கதவின் தாழ்ப்பாளுக்கு இப்போது எக்காமலே கை எட்டியது.

ஆகவே ஒரு காலையில், பெரியம்மா தண்ணீருக்குப் போன நேரம், அவர்கள் வீட்டுக் கூரையின் எரவாணத்தில் செருகியிருந்த மூங்கிலை இழுத்துப் போட்டு, கதிர் அறுக்கும் அரிவாளால் ஐந்தாவது வெட்டுக்கு மூன்று விரல் மேலே ஒரு வெட்டு வெட்டினேன். பழசாகத் தெரியச் சேற்றை வைத்துத் தேய்த்தேன். என் இடது கட்டைவிரலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. வலி தெரியவில்லை. மூன்று விரல் உயிர் எனக்குக் கிடைத்துவிட்டது.

அன்று மத்தியானம் பெரியப்பா முதல் செடியின் பக்கத்தில் மூங்கிலை நட்டார். குனிந்தவர் நிமிரவில்லை. புது வெட்டின் மேல் பெருவிரலை வைத்து இப்படியும் அப்படியும் தடவினார். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, இங்க வா" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார். சோற்றுத்தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தவள் ஓடி வந்தாள். "இங்க பாரு. மூணு வெரல் வளந்திருக்குது."

பெரியம்மா மூங்கிலைப் பார்த்தாள். பிறகு துணி சுற்றிய என் கட்டைவிரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஆமாங்க, வளந்திருக்குதுங்க" என்றாள்.

அதன் பிறகு அந்த வருஷம் அவர் ஒரு செடியையும் பிடுங்கவில்லை. குட்டையும் நெட்டையும் சேர்ந்து பூத்தன, வண்டுகள் இஷ்டப்படி பறந்தன. தையில் விதை வாங்க வந்த சங்ககிரிக்காரர் காட்டைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மறு வருஷம் பாதிச் செடி கொடி வீசிக் கல் வட்டத்தின் மேல் ஏறி மூடியது. ஆறு வருஷப் பாடு மண்ணாய்ப் போச்சு என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெரியப்பா அந்தக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அம்மா சொன்னாள். அந்த வட்டம் ஒரு வறண்ட கிணறு. பந்தலுக்குத் தனியாக இடம் எதற்கு என்று பெரியப்பா அதன் வாய்க்குக் குறுக்கே நாலு கொம்பு போட்டு அவரையைப் படரவிட்டிருந்தார். இலை மூடித் தரை போலவே ஆகிவிட்டது. நான் பிறப்பதற்கு முந்தின வருஷம், அவர்களுடைய ஐந்து வயது மகள் காய் பறிக்க அதன் மேல் நடந்து போனாள். தைக்குத் தை அவளை நிறுத்தி அளந்த மூங்கில்தான் அது. அதைக் கேட்டு நான் அழுத அழுகை, கல்யாணப் பெண்ணின் அழுகை என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள்.

பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு, திருச்செங்கோட்டிலிருந்து துக்கத்துக்குப் போனேன். மூங்கில் எரவாணத்திலேயே இருந்தது. கையில் எடுத்தேன். என் வெட்டுக்கு மேலே இன்னும் பல வெட்டுகள் வரிசையாக ஏறிப் போயிருந்தன. கடைசி இரண்டுக்கும் இடையே விரல் நுழையாது, வளர்த்தி நிற்கும் வயதில் நிற்பது போல. எல்லாவற்றிலும் சேறு தேய்த்திருந்தது.

"நீங்க வெட்டுனதுங்களா பெரியம்மா?"

"நானெங்க சாமி வெட்டுனேன்? அவருக்குந்தான் கை நடுக்கம், அருவா புடிக்க முடியாது. தைக்குத் தை புது வெட்டு இருக்கும். நீதான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

நான் வெட்டியது ஒன்றுதான். மூங்கிலை நட்டு, முதுகைக் கொடுத்து நேராக நின்றேன். கடைசி வெட்டு என் தலைக்கு ஒரு விரல் மேலே இருந்தது.

ஆறு வயதில் அரிவாளைப் பிடித்தபோது, என் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். இன்னொருத்திக்கு வளர வழிவிடுகிறேன் என்று எனக்குத் தெரியாது.