மஞ்சள் ரோஜா விற்பனைக்கு இல்லை

நர்சரி வைத்திருப்பவனைப் பார்த்து, ‘பூவுக்கு நடுவுல உட்கார்ந்து சம்பாதிக்கிற, கொடுத்து வைத்தவன்’ என்று சொல்லாத ஆள் தாம்பரத்தில் இல்லை. முடிச்சூர் போகும் சாலையில் பதினோரு வருஷமாக ரோஜாச் செடி விற்கிறேன். என் இடுப்பு வலியை இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை.

நீங்களும் என் கட்சிதான். கடையில் மூன்று பூவோடு சிரித்த செடி, உங்கள் மொட்டை மாடிக்கு வந்த மூன்றாவது வாரம் முள்ளும் குச்சியுமாக நிற்பதைப் பார்த்து நொந்தவர்கள்தானே? நீங்கள் வாங்கி நொந்தீர்கள், நான் விற்று நொந்தேன். அதிலும் என் கஷ்டம் தனி ரகம். கடை திறந்த அன்று என் மனைவி விமலா ஒன்றே ஒன்று கேட்டாள்: வீட்டு மாடியில் வைக்க ஒரு மஞ்சள் ரோஜா. “இது ஒரு பெரிய விஷயமா, நாளைக்கே கொண்டு வர்றேன்” என்றேன். ஓசூர் பக்கமிருந்து வரும் லோடில் சிவப்பும் ரோஸும் குவிந்து கிடக்கும். மஞ்சள் நாலைந்துதான் வரும். அதில் நம்மூர் வெயிலைத் தாங்குகிற மாதிரி ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். அந்த ஒன்றை நான் எடுத்து வைப்பேன். அது வீடு வந்து சேராது.

செழித்து வளர்ந்த செடி

சேலையூரில் ஒரு சார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் வாங்கிய சிவப்பு ரோஜா ஆள் உயரம் வளர்ந்தும் ஒரு மொட்டுகூட விடவில்லை என்று போனில் கத்தினார். நேரில் போய்ப் பார்த்தேன். செடி ஜம்மென்று நின்றது. ஆனால் அது நான் விற்ற ரோஜா இல்லை. கடையில் விற்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. அடியில் இருப்பது காட்டு ரகம், அதன் மேல்தான் நல்ல பூ பூக்கிற ரகத்தை ஒட்டுவார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் கிளம்பினால் கிள்ளி எறிய வேண்டும். சார் அந்தத் துளிருக்குத்தான் மீன் கழுவிய தண்ணீரும் முட்டை ஓடும் போட்டு வளர்த்திருந்தார். மேலே இருந்த நிஜ ரோஜாவை, வாடலாக இருக்கிறதே என்று அவரே வெட்டிப் போட்டுவிட்டார்.

வேறு செடி தருவதாக ஒத்துக்கொண்டேன். மறுநாள் கடைக்கு வந்தவர், சிவப்பு ராசியில்லை என்று சொல்லி, விமலாவுக்காகக் கடையின் பின்பக்கக் குழாயடியில் வைத்திருந்த மஞ்சளைத் தூக்கிக்கொண்டார். போகும்போது சொன்னார்: “நல்லா வளர்றத வெட்டுங்கற, வாடுறதுக்குத் தண்ணி ஊத்துங்கற. உன்ன நம்பி இன்னொண்ணு எடுத்துட்டுப் போறேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

குழாயடி

அடுத்து ஸ்டெல்லா டீச்சர். பணியில் இருந்தபோது வகுப்பில் கடைசி பெஞ்சைத்தான் முதலில் சோதிப்பாராம். அந்தப் பழக்கம் போகவில்லை. முன்வரிசையில் நாற்பது செடி பூவும் மொட்டுமாக நிற்க, ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் நடந்தார். அங்கே ஈரச் சாக்குக்குப் பக்கத்தில், விமலாவுக்கென்று எடுத்து வைத்த இரண்டாவது மஞ்சள் இருந்தது.

“டீச்சர், அது வீட்டுக்கு” என்றேன். அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. கடைக்காரன் வீட்டுக்கு எடுத்து வைத்தது என்றால் அதைவிட நல்ல செடி தாம்பரத்தில் வேறு எங்கே கிடைக்கும்? இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். “நல்லதையெல்லாம் பின்னாடிதான் ஒளிச்சு வைப்பீங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. நான் முப்பது வருஷம் டீச்சர்.”

முருகேசனின் கண்டுபிடிப்பு

இதையெல்லாம் தண்ணீர் ஊற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தான் முருகேசன். கடையில் என்னோடு ஏழு வருஷமாக இருக்கிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், என்னைவிட விவரம். சீண்டுவாரில்லாமல் கிடந்த குட்டை ரோஸ் செடிகள் பன்னிரண்டையும் ஒரு காலையில் குழாயடிக்கு நகர்த்தி, மேலே ஒரு சாக்கை அரைகுறையாகப் போட்டு மூடினான். மதியத்துக்குள் எல்லாம் போய்விட்டது. ஒரு அம்மா இரண்டாகவே வாங்கிப் போனார்.

நான் இதிலிருந்து பாடம் கற்றவன் மாதிரி, விமலாவின் அடுத்த மஞ்சளை முன்வரிசையில் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்தினேன். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்கு. அது அன்றைக்கென்று பூத்துத் தொலைத்தது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் காணோம். முருகேசன் தலையைச் சொறிந்தான்: “ண்ணா, அந்த ஒண்ணுலதான் மஞ்சப் பூ இருந்துச்சு, ஒர்த்தரு கேட்டாரு, குட்த்துட்டேன். வூட்டுக்குன்னு ஒரு வார்த்த சொல்லிக்கினு போவக் கூடாதா நீ?”

அட்டையில் எழுதியது

ஒரே ஒரு முறை செடி வீடு போய்ச் சேர்ந்தது. பூ இல்லாத செடி, ஆனால் மஞ்சள் என்று அட்டை தொங்கியது. ராஜா மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு மாடிக்குத் தூக்கிப் போனேன். விமலா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். விடிந்ததும் செடிக்குத் தண்ணீர், வந்ததும் செடிக்குத் தண்ணீர். ஒரு மாதம் கழித்து முதல் மொட்டு விரிந்தது. பளீரென்ற ரோஸ்.

லோடில் அட்டை மாறுவது சகஜம், நம்மூரில் எல்லா நர்சரிக்காரனுக்கும் தெரியும். அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பூவைப் பார்த்தபடி அமைதியாகக் கேட்டாள்: “கடைக்கு வர்றவங்களுக்கும் இப்படித்தானா, இல்ல எனக்கு மட்டுமா?”

விமலா கடையில் இருந்த ஞாயிறு

சென்ற மாதம் வந்த லோடில் அப்படியொரு மஞ்சள் இருந்தது. தடித்த தண்டு, இரண்டு பூ, ஐந்து மொட்டு. இந்த முறை விடுவதில்லை என்று, ‘விமலா’ என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கம்பியால் கட்டினேன். ஞாயிறன்று முருகேசன் லீவு. நான் படப்பையில் ஒரு வீட்டுக்குச் செடிகள் கொண்டுபோக வேண்டியிருந்தது. விமலாவைக் கடையில் உட்கார வைத்து, “பின்னாடி உன் பேர் எழுதி ஒண்ணு இருக்கு, சாயங்காலம் எடுத்துட்டுப் போலாம்” என்றேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

நான் திரும்பியபோது அவள் வெறும் பெயர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்திருக்கிறாள். முடிச்சூரில் ஒற்றை அறையில் தனியாக இருப்பவளாம், வாரத்தில் ஒரு நாள்தான் லீவாம். நேராகக் குழாயடிக்குப் போய்விட்டாள். “அது வீட்டுக்கு, என் பேர்கூட எழுதியிருக்கு” என்று விமலா சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் செடியை விட்டு நகராமல், “உங்களுக்கு என்னக்கா, நர்சரியே உங்களது, நினைச்சா தினமும் ஒண்ணு எடுத்துக்கலாம்” என்றாளாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. விமலா அட்டையை மேஜை டிராயரில் போட்டு மூடினாள். “பேரக் கழட்டிட்டுத்தான் குடுத்தேன். என்னால இல்லன்னு சொல்ல முடியலைங்க. பதினோரு வருஷமா கேட்டுக் கிடைக்காம இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியாதா?”

ஆகவே, என் கடையிலிருந்து மஞ்சள் ரோஜா என் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது தெளிவாகிவிட்டதால், வரும் ஞாயிறு விமலாவைக் கூட்டிக்கொண்டு குன்றத்தூர் பக்கம் வேறொரு நர்சரிக்குப் போய், முன்வரிசையில் இருப்பதைத் திரும்பியும் பார்க்காமல், அந்தக் கடைக்காரர் தன் மனைவிக்காக எடுத்து வைத்திருப்பதைக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.